சொகுசு கார் சந்தை எந்தப் பக்கம் போகிறது? திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகள்

கோவையில் வாகனக் கடன் கோப்புகளோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். கார் எது என்று முடிவு செய்த பிறகுதான் கடனுக்கு வருவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த பிறகுதான் பாதிப் பேருக்குச் சந்தேகமே தொடங்கும். கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்குமா, மின்சாரக் கார் எடுத்தால் மாட்டிக்கொள்வோமா, டெல்லி வண்டி சல்லிசாகக் கிடைக்கிறதே... வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன. கார் விலைகள் அறிமுகமானபோது இருந்த எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராதது), இன்று ஷோரூமில் வேறு சொல்வார்கள்.

சொகுசு கார்னு எதைச் சொல்றீங்க? ஃபார்ச்சூனரும்தான் அம்பது லட்சம் தாண்டுது.

விலையை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சந்தைக் கணக்கில் பிராண்டை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். மெர்சிடிஸ்-பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார் லேண்ட் ரோவர், வால்வோ, லெக்ஸஸ் ஒரு கூட்டம். அதற்கு மேலே போர்ஷே. அதற்கும் மேலே பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ், ஃபெராரி, லம்போர்கினி. ஃபார்ச்சூனர் எவ்வளவு விலை போனாலும் அந்தப் பட்டியலில் வராது, அதை வாங்குகிறவருக்கு அது பற்றிக் கவலையும் கிடையாது.

இந்தியாவுக்கு முதலில் வந்தது மெர்சிடிஸ். 1994இல் கம்பெனி தொடங்கி, அடுத்த வருடமே புனேயில் இ-கிளாஸ் பூட்ட ஆரம்பித்தார்கள். 2007இல் பிஎம்டபிள்யூ செங்கல்பட்டு பக்கம் மகேந்திரா சிட்டியில் ஆலை திறந்தது, அதே வருடம் ஆடியும் வந்தது. அதாவது இந்தச் சந்தைக்கு இங்கே முப்பது வயதுதான் ஆகிறது.

நம்ம நாட்டுல வருஷத்துக்கு எத்தனை விக்குது சார்? ரோட்ல பாத்தா எங்க பாத்தாலும் பென்ஸா தெரியுது.

நீங்கள் அவினாசி ரோட்டில் நின்று பார்க்கிறீர்கள், அதனால் அப்படித் தெரிகிறது. நாடு முழுக்க வருடத்துக்குச் சுமார் 43 லட்சம் கார்கள் விற்கின்றன. அதில் 2024இல் சொகுசு பிராண்டுகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 51,000. நூறு காருக்கு ஒன்றும் கொஞ்சமும். மெர்சிடிஸ் 19,565, பிஎம்டபிள்யூ மினியையும் சேர்த்து 15,721, ஆடி 5,816.

பத்து வருஷத்துல இவ்ளோ காசு ஊருக்குள்ள வந்திருக்கு. அப்புறம் ஏன் இது மட்டும் பெருகல?

வரிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான், அதற்குக் கீழே வருகிறேன். மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை: கம்பெனிகளே நிறைய கார் விற்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு காரிலும் நிறைய சம்பாதித்தால் போதும் என்ற இடத்துக்கு வந்துவிட்டன. மெர்சிடிஸ் இதை மறைக்கவே இல்லை. 2022இல் உலகுக்கே அறிவித்தார்கள், விலை உயர்ந்த மாடல்களில்தான் இனி பணத்தைப் போடுவோம், சிறிய கார்களின் வகைகளை ஏழிலிருந்து நான்காகக் குறைப்போம் என்று.

இங்கே அதன் விளைவைப் பாருங்கள். 2013இல் ஏ-கிளாஸ் வந்தபோது விலை சுமார் 22 லட்சம். நல்ல சம்பளக்காரர் ஒருவர் கொஞ்சம் தம் கட்டினால் எட்டிவிடுகிற தொகை. இன்று அந்தப் பிராண்டுக்குள் நுழையவே ஏறத்தாழ 50 லட்சம் வேண்டும். நடுவில் இருந்த அந்த வாங்குபவர் எங்கே போனார்? மகேந்திராவுக்கும் டொயோட்டாவுக்கும் போய்விட்டார். குளிர்காற்று வரும் சீட், கண்ணாடிக் கூரை, தானாகப் பிரேக் பிடிக்கும் ரேடார் எல்லாம் 30 லட்சத்துக்குள்ளேயே கிடைக்கும்போது, இரண்டு மடங்கு கொடுத்து மூக்கில் நட்சத்திரம் வாங்க ஆள் குறைவு. இதில் ஒரு வேடிக்கை, மகேந்திராவின் ஆராய்ச்சி மையமும் அதே மகேந்திரா சிட்டியில்தான் இருக்கிறது, பிஎம்டபிள்யூ ஆலைக்குப் பக்கத்திலேயே.

மேல் தட்டில் கதை வேறு. 2024இல் மெர்சிடிஸ் இங்கே விற்ற கார்களில் நான்கில் ஒன்று எஸ்-கிளாஸ், மேபேக், ஏஎம்ஜி போன்ற உச்ச விலை வகை. சந்தை மேல்பக்கம் மட்டும் வளர்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள், மற்றது எல்லாம் இதன் கிளைகள்தான்.

வெளிநாட்டுல அம்பது லட்சம் ஆகுற கார் இங்க எப்படி ஒன்றே முக்கால் கோடி ஆகுது? நடுவுல யாரு அடிக்கிறாங்க?

கணக்குப் போட்டே காட்டுகிறேன். முழுதாகக் கட்டி முடித்த கார் ஒன்று 50 லட்ச ரூபாய் மதிப்பில் துறைமுகத்தில் இறங்குகிறது என்று வையுங்கள். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காருக்கு எல்லா இறக்குமதி வரியும் சேர்த்து 110 சதவீதம். ஆக 1 கோடியே 5 லட்சம். அதன்மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம், 1 கோடியே 47 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால சாலை வரி 20 சதவீதம், அது இன்னொரு 29 லட்சம். மொத்தம் 1 கோடியே 76 லட்சம். கம்பெனி லாபம், டீலர் லாபம், இன்சூரன்ஸ் எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. வரிக்கு மேல் வரி, அதற்கும் மேல் வரி, வேறு ரகசியம் எதுவும் இல்லை.

அப்போ சென்னையில செய்யுற பிஎம்டபிள்யூ மட்டும் ஏன் குறையல? அதுக்கு இறக்குமதி வரி இல்லையே?

இருக்கிறது. சென்னையில் செய்கிறார்கள் என்றால் இரும்புத் தகட்டிலிருந்து செய்வதாக அர்த்தம் இல்லை. பாகங்கள் பெட்டி பெட்டியாக வெளிநாட்டிலிருந்து வரும், கூடவே இங்குள்ள சப்ளையர்களிடம் வாங்கிய பாகங்களும் சேர்ந்து ஆலையில் பூட்டப்படும். இப்படிப் பிரித்து வரும் காருக்கு வரி 15 சதவீத அளவில்தான். மேலே சொன்ன அதே 50 லட்சத்தை இந்த வழியில் போட்டால், ஜிஎஸ்டி சேர்த்து 80 லட்சத்தை ஒட்டி நிற்கும். 1 கோடியே 47 லட்சம் எங்கே, 80 எங்கே.

ஆனால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முன்கூட்டியே பூட்டி அனுப்பினால் வரி எகிறிவிடும். அதனால்தான் பிஎம்டபிள்யூ இன்ஜின்களை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் சென்னையில் தனி ஆலை வைத்துப் பூட்டிக் கொடுக்கிறது. ஆமாம், அந்த டிராவலர் வேன் செய்யும் ஃபோர்ஸ்தான்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு ரேஞ்ச் ரோவர் நல்ல உதாரணம். ஐம்பது வருடத்துக்கு மேலாக இங்கிலாந்தில் மட்டுமே கட்டப்பட்ட வண்டி. 2024 மே மாதம் அதைப் புனேயில் பூட்டப்போவதாக அறிவித்த கையோடு விலை 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கியது.

ஜிஎஸ்டி அம்பதுலேந்து நாப்பது ஆச்சே, பத்து பர்சென்ட் குறையணுமில்ல? டீலர் ஏமாத்துறாரா?

டீலர் மேல் பழி போடாதீர்கள், இது கணக்குப் பிழை. 2025 செப்டம்பர் 22க்கு முன்பு பெரிய எஸ்யூவிக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 22 சதவீத செஸ்ஸும் (கூடுதல் வரி) சேர்த்து 50. அதன் பிறகு செஸ் போய் 40. அடக்க விலை 100 என்றால் முன்பு 150, இப்போது 140. நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்த 150இல் பத்து ரூபாய் குறைந்தால் அது 6.7 சதவீதம்தான். செடானுக்கு முன்பே செஸ் கொஞ்சம் குறைவு, ஆகவே லாபமும் குறைவு.

அந்தக் குறைவையும் யூரோ தின்றுவிட்டது. 2025 தொடக்கத்தில் 90 ரூபாய்க்குக் கீழே இருந்த யூரோ அதே வருடம் 100ஐத் தாண்டியது. பாகங்களுக்கு யூரோவில் பணம் கட்டும் கம்பெனி அதைத் தன் தலையிலா சுமக்கும்? விலையேற்ற அறிவிப்பு ஜனவரியில் மட்டும் வந்த காலம் போய், வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருகிறது.

இங்கிலாந்து ஒப்பந்தம், ஐரோப்பா ஒப்பந்தம்னு சொல்றாங்களே, பொறுத்திருந்து வாங்கட்டுமா?

எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்து ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரியில் அறிவித்தார்கள். இரண்டிலும் 110 சதவீத வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும், ஆனால் வருடத்துக்கு இத்தனை கார்தான் என்ற வரம்புக்குள். நாளைக்கே எல்லாம் பாதி விலை என்று வரும் வீடியோக்களை நம்பி முன்பணத்தைத் திரும்ப வாங்காதீர்கள்.

யாருக்கு லாபம் என்பதற்குக் கார் எங்கே கட்டப்படுகிறது என்று பாருங்கள், பிராண்டின் தாய்நாட்டைப் பார்க்காதீர்கள். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, ஆஸ்டன் மார்ட்டின், மெக்லாரன் இங்கிலாந்தில் கட்டுவது, முதல் ஒப்பந்தம் இவற்றுக்குப் பொருந்தும். லேண்ட் ரோவர் டிஃபெண்டரை எல்லோரும் இங்கிலாந்து வண்டி என்று நினைக்கிறார்கள், அது ஸ்லோவாக்கியாவில் நித்ரா என்ற ஊரில் கட்டப்படுகிறது, அதற்கு ஐரோப்பிய ஒப்பந்தம்தான். போர்ஷே இங்கே எதையும் பூட்டுவதில்லை, எல்லாம் முழுதாக இறங்குவது, ஆகவே ஐரோப்பிய ஒப்பந்தத்தில் அதிகம் சந்தோஷப்பட வேண்டியது அவர்கள்தான்.

உங்கள் கணக்கில் இருப்பது பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜிஎல்சி, சி-கிளாஸ் மாதிரி என்றால் அவை ஏற்கெனவே இங்கே பூட்டப்படுபவை. 15 சதவீதம் 10 ஆனால் என்ன பெரிதாக மாறிவிடும்? நீங்கள் பொறுத்திருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பனப்பாக்கத்துல ரேஞ்ச் ரோவர் செய்யப் போறாங்களாமே, நம்ம ஊருக்கு மலிவா கிடைக்குமா?

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது. ஜாகுவார் லேண்ட் ரோவர் 2008லிருந்து டாடாவுடையதுதானே. வேலை கிடைக்கும், சப்ளையர்கள் வருவார்கள், அது பெரிய விஷயம். ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதால் கார் விலை குறையாது. எக்ஸ்-ஷோரூம் விலை நாடு முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான், நம் ஊரில் கூடுவது அந்த 20 சதவீத சாலை வரி. கார் ஆலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் குடியிருப்பவருக்கு எந்தக் காரும் மலிவாகக் கிடைத்ததில்லை.

மின்சாரக் கார் எடுத்தா ரோட் டாக்ஸ் இல்லைங்கறாங்க, உண்மைங்களா?

தமிழ்நாடு மின்சார வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு கொடுத்து வந்திருக்கிறது. ஆனால் அது கெடு வைத்துக் கொடுக்கப்படும் சலுகை, ஆகவே முன்பணம் கட்டும் நாளில் ஆர்டிஓவில் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் கர்நாடகா 2024இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் காருக்கு 10 சதவீதம் போட ஆரம்பித்துவிட்டது.

விலக்கு இருக்கும் வரை கணக்கு கொஞ்சம் விபரீதமானது. பெட்ரோல் சொகுசு காருக்கு ஜிஎஸ்டி 40, மின்சாரத்துக்கு 5. பேட்டரியால் அடக்க விலை கூடினாலும் வரி அதைச் சமன் செய்துவிடுகிறது. 2025 ஜனவரியில் பிஎம்டபிள்யூ சென்னையில் பூட்டிய நீளமான மின்சார ஐஎக்ஸ்1 49 லட்சத்துக்கு வந்தது, பெட்ரோல் எக்ஸ்1 விலையும் அதை ஒட்டித்தான். சாலை வரியையும் சேர்த்தால் மின்சாரக் கார் ஆன்ரோடு விலையில் (எல்லா வரியும் சேர்த்துக் கையில் ஆகும் தொகை) சுமார் பத்து லட்சம் குறைவு! உலகத்தில் பல இடங்களில் மின்சாரக் கார் விலை அதிகம் என்று புலம்புகிறார்கள், நம் ஊர் சொகுசுப் பிரிவில் தலைகீழ். கோவை, சென்னை, பெங்களூரு என்று ஓட்டுகிறவருக்கு, வீட்டில் சார்ஜர் போட இடமும் இருந்தால், நான் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். மறுவிற்பனையை நினைத்து மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதற்குக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

அப்படின்னா பென்ட்லி, போர்ஷே எல்லாம் ஏன் எலக்ட்ரிக்ல பின்வாங்குறாங்க? அவங்களுக்கே நம்பிக்கை இல்லாத சாமானை நான் வாங்கணுமா?

பின்வாங்குவது உண்மை. முழு மின்சாரத்துக்கு 2030 என்று சொன்ன பென்ட்லி 2035க்குத் தள்ளியது. சந்தை ஒத்துழைத்தால் 2030க்குள் முழுதும் மாறிவிடுவோம் என்று 2021இல் சொன்ன மெர்சிடிஸ் 2024 பிப்ரவரியில் அதைத் தளர்த்தியது. 2030இல் விற்பனையில் 80 சதவீதம் மின்சாரம் என்று பேசிய போர்ஷே 2025 செப்டம்பரில் புதிய மின்சார மாடல்களைத் தள்ளிவைத்து பெட்ரோலைத் தொடர்வதாக அறிவித்தது.

ஆனால் காரணம் கார் மோசம் என்பது இல்லை. மூன்று கோடி கொடுக்கிறவர் வேகத்துக்காக மட்டும் கொடுப்பதில்லை, சத்தம், அதிர்வு, பரம்பரை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63 இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. எட்டு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டரோடு மோட்டாரைச் சேர்த்து, பழையதைவிடச் சக்தி கூட்டிக் கொடுத்தார்கள். காகிதத்தில் எல்லாமே மேல். ரசிகர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பது லட்சத்து ஐஎக்ஸ்1 வாங்குகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது, அவருக்குச் சத்தம் இல்லாததே சொகுசு. இரண்டு வேறு சந்தைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சைனாவுல ஜெர்மன் கார் படுத்துருச்சுன்னு செய்தி வருது. நமக்கென்ன அதுல?

நிறைய இருக்கிறது. போர்ஷே 2021இல் சீனாவில் 95,671 கார்கள் விற்றது, 2024இல் 56,887. மூன்று வருடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போனது. செல்போன் கம்பெனி ஷாவ்மி 2024 மார்ச்சில் 2,15,900 யுவானுக்கு, நம் பணத்தில் அப்போது சுமார் 25 லட்சத்துக்கு, ஒரு மின்சாரச் செடானை இறக்கியது. ஹுவாவே கூட்டில் வந்த மேக்ஸ்ட்ரோ எஸ்800 ஏழு லட்சம் யுவானில் மேபேக்கோடு நேருக்கு நேர் நிற்கிறது. ஜெர்மன் பேட்ஜ் இல்லாமலேயே சொகுசு என்று அந்த ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது.

நமக்கு என்ன என்றால், அங்கே விட்டதைப் பிடிக்கக் கம்பெனிகள் இந்தியா பக்கம் திரும்புகின்றன, புதிய மாடல்கள் முன்பைவிடச் சீக்கிரம் வருகின்றன. ஆனால் சீனக் கார்களே இங்கே வந்து மோதும் என்று எதிர்பார்க்காதீர்கள். நில எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு 2020லிருந்து அரசு அனுமதி வேண்டும், சீனக் கம்பெனி பிஒய்டி நூறு கோடி டாலரில் ஆலை போடக் கேட்டதை 2023இல் மறுத்துவிட்டார்கள். போட்டி வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கிறது, அதனால் ஜெர்மன்காரர்கள் இங்கே நிம்மதியாக விலை ஏற்றுகிறார்கள்.

முன்னெல்லாம் ஓட்டறதுக்குன்னு பிஎம்டபிள்யூ வாங்குவாங்க. இப்ப எல்லாரும் பின்சீட்டைப் பத்தியே பேசறாங்களே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். டிரைவர் வைத்து ஓட்டும் நாட்டுக்குப் பின்சீட்தான் வரவேற்பறை. இதை மெர்சிடிஸ் 2017இல் பிடித்துக்கொண்டு இ-கிளாஸை நீட்டிக் கொண்டுவந்தது, இங்கே அந்த நீளமான வண்டிதான் ஓடியது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸை நீட்டியது, 2024 ஜூலையில் 5 சீரிஸையும் நீட்டி 72.9 லட்சத்துக்கு விட்டது. ஓட்டுநருக்கான கார் என்று பெயர் வாங்கிய கம்பெனியே காலை நீட்ட இடம் விற்கிறது!

இன்னொரு பக்கம் வேன். டொயோட்டா வெல்ஃபயர் 2023இல் சுமார் 1.2 கோடிக்கும், லெக்ஸஸ் எல்எம் 2024இல் 2 கோடிக்கும் வந்தபோது வேனுக்கு இவ்வளவா என்று சிரித்தவர்கள் உண்டு. வேட்டி கட்டியவர் குனியாமல் ஏறி இறங்க அதைவிட வசதியான கார் இன்னும் வரவில்லை. அரசியல்வாதிக்கும் நடிகருக்கும் புரிந்தது மற்றவர்களுக்கு மெல்லப் புரிகிறது.

சீட் சூடாக்க மாசச் சந்தா கட்டணுமாமே? நிஜமா?

2022இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் முயன்று, திட்டு வாங்கி, அடுத்த வருடம் நிறுத்திவிட்டது. ஈரோட்டு மே மாதத்தில் சீட்டைச் சூடாக்கக் கம்பெனிதான் நமக்குக் காசு தர வேண்டும். ஆனால் எண்ணம் போகவில்லை, மெர்சிடிஸ் அமெரிக்காவில் மின்சாரக் கார்களின் கூடுதல் வேகத்தை வருடத்துக்கு 1,200 டாலருக்கு விற்றது.

திரை விஷயத்தில் காற்று திரும்பிவிட்டது. எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் புதைத்ததில் சாதாரண வாடிக்கையாளருக்கே எரிச்சல். ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையான யூரோ என்கேப் 2026லிருந்து இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்கு நிஜப் பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது.

ரோல்ஸ் ராய்ஸ் விற்பனை குறைஞ்சும் ஆலையைப் பெருசாக்குறாங்களே, லாஜிக் இடிக்குதே?

2023இல் 6,032 கார்கள், 2024இல் 5,712. ஆனாலும் 2025 தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருக்கும் குட்வுட் ஆலையை விரிக்க 30 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கினார்கள். அதிகம் கார் கட்ட அல்ல, ஒவ்வொரு காரிலும் அதிக வேலை செய்ய. உங்கள் புடவை நிறத்தில் பெயின்ட், உங்கள் தோட்டத்து மரத்தில் டேஷ்போர்டு, நீங்கள் பிறந்த இரவின் நட்சத்திரங்கள் கூரையில். இப்படிக் கேட்கிறவருக்கு விலை ஒரு பொருட்டில்லை. 2024இல் 13,752 கார் மட்டும் விற்ற ஃபெராரிக்கும் கார் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்படித் தனி விருப்ப வேலைகளிலிருந்துதான் வந்தது. மூன்றாவது பதிலில் சொன்ன கதையின் உச்சி இதுதான்.

டெல்லி நம்பர் பென்ஸ் இன்னோவா விலைக்குக் கிடைக்குதுண்ணா. எடுக்கட்டுமா?

மலிவுக்குக் காரணம் இருக்கிறது. டெல்லிப் பகுதியில் டீசல் பத்து வருடம், பெட்ரோல் பதினைந்து வருடம் என்று கட்டுப்பாடு. 2025 ஜூலையில் பழைய வண்டிக்கு பெட்ரோல், டீசல் போடக்கூடாது என்று ஆரம்பித்துச் சில நாளில் நிறுத்திவைத்தார்கள், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தந்தது. ஆனாலும் பயந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். வண்டி நன்றாக இருக்கலாம். அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வயதுக்கு ஏற்ற சாலை வரி, பழைய அபராதங்கள் எல்லாம் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

முக்கியமானது இது: காரின் விலைதான் இன்னோவா அளவுக்கு இறங்கியிருக்கிறது, பாகங்களின் விலை இன்னும் 70 லட்சத்துக் கார் விலைதான். ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் படுத்தால் அப்போது புரியும்.

டெல்லி வண்டியைவிட நான் அதிகம் பயப்படுவது நம் சென்னை வெள்ள வண்டிக்கு. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் இரண்டிலும் முங்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு எங்கெங்கோ ஓடுகின்றன. சொகுசுக் கார்களில் பேட்டரியும் மின்னணுப் பெட்டிகளும் பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் அடியிலும் இருக்கும், தண்ணீர் முதலில் புகும் இடம் அதுவே. என் நண்பர் ஒருவர் வாங்கிய செடான் ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டு, ஒருநாள் சிக்னலில் கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஹாரன் அடித்து, தானே நின்றது, பேய் பிடித்த மாதிரி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கம்பளத்தைத் தூக்கி சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள், இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள்.

புதுச்சேரி அட்ரஸ்ல பதிஞ்சா வரி மிச்சம்னு ஒருத்தர் சொல்றார்...

அங்கே நிஜமாகவே குடியிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். வாடகை ஒப்பந்தம் ஜோடித்துச் செய்தால் வேண்டாம். 2017இல் கேரளத்தில் இதே வேலைக்கு நடிகர்கள் மீதே வழக்கு வந்தது. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். கோவையில் பிஒய் நம்பரில் புத்தம் புதிய ரேஞ்ச் ரோவர் நின்றால் சோதனை அதிகாரிக்கு வேறு துப்பு எதற்கு?

கம்பெனி பேர்ல எடுத்தா ஜிஎஸ்டி திரும்ப வருமா? ஆடிட்டர் ஒண்ணு சொல்றார், ஷோரூம்ல ஒண்ணு சொல்றாங்க.

ஆடிட்டரை நம்புங்கள். 13 பேர் வரை உட்காரும் காருக்கு, கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு கிடையாது, டாக்ஸி ஓட்டுவது, கார் விற்பது, ஓட்டுநர் பள்ளி நடத்துவது மாதிரித் தொழில் இருந்தால் தவிர. கிடைப்பது வருமான வரியில் தேய்மானம், சாதாரணக் காருக்கு வருடம் 15 சதவீதம், மின்சாரக் காருக்கு 40. கடன் வட்டியும் செலவில் வரும். சொந்த உபயோகப் பங்கைக் கழிக்கச் சொல்வார்கள். 10 லட்சத்துக்கு மேல் கார் வாங்கும்போது விற்பவர் வருமான வரிக்காகப் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ்ஸைப் பலர் மறந்தே போகிறார்கள், அது உங்கள் வரிக் கணக்கில் வரவாகும்.

மூணு வருஷத்துல திருப்பி எடுத்துக்கறோம், இஎம்ஐ கம்மி, அப்படின்னு ஒரு ஸ்கீம் சொல்றாங்க. நல்லதா?

இதில்தான் அதிகம் பேர் கணக்குத் தப்புகிறார்கள். 70 லட்சத்துக் காருக்கு மூன்று வருடம் கழித்து 35 லட்சத்துக்குத் திருப்பி எடுப்பதாக உத்தரவாதம் தருகிறார்கள் என்று வையுங்கள். மாதத் தவணை மீதி 35 லட்சத்துக்கு மட்டும் அசலாக வரும், ஆனால் வட்டி முழு 70க்கும் ஓடும். கடைசியில் அந்த 35ஐ மொத்தமாகக் கட்டிக் காரை வைத்துக்கொள்ளலாம், இல்லை சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த மாடலுக்குப் போகலாம். கம்பெனிக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம், நீங்கள் வாடிக்கையாளராகவே நீடிப்பீர்கள், பழைய கார் விலையும் அவர்கள் கையிலேயே இருக்கும். மெர்சிடிஸ் 2021லிருந்து புதிய கார்களைத் தானே நேரடியாக, நாடு முழுக்க ஒரே விலைக்கு விற்பதும் இதே யோசனைதான்.

நான் பார்த்த அளவில் சொகுசு செடான் மூன்று வருடத்தில் நாற்பது சதவீதம் விலை இழப்பது சர்வசாதாரணம். மின்சாரக் கார் இன்னும் வேகமாக இழக்கிறது, அடுத்த மாடலில் பேட்டரி பெரிதாகிவிடுகிறது. ஆக, பெட்ரோல் கார் எடுத்து எட்டு வருடம் ஓட்டுகிறவருக்கு இந்தத் திட்டம் தேவையே இல்லை. மின்சாரக் கார் எடுத்து மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்கு நல்லது, விலை இறங்கும் பயம் கம்பெனி தலைக்குப் போய்விடுகிறது. கையெழுத்துப் போடும் முன் கிலோமீட்டர் வரம்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். வருடம் 10,000 என்று போட்டிருந்து நீங்கள் வாரா வாரம் சென்னை போய் வருகிறவர் என்றால், இரண்டரை மாதத்தில் முதல் வருடத்துக் கணக்கு முடிந்துவிடும்.